தைராய்டும் பெண்ணுடலும்: ஒரு பழைய கேள்வி

தைராய்டு நோய்களின் வரலாற்றை நாம் புரட்டுகையில் முதலில் எதிர்ப்படுவோர் பெண்களே. 1835இல் டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ், கழுத்து வீங்கி நெஞ்சு ஓயாது படபடத்த மூன்று பெண்களைப் பற்றி எழுதினார். கருப்பையின் இயக்கத்திற்கும் இச்சுரப்பிக்கும் உறவுண்டென அவர் அறிந்தே இருந்தார். ஆயினும், விளக்கம் தேடிய அவர் கை ஹிஸ்டீரியாவின் பக்கமே நீண்டது. பெண்ணின் உடல்நோவை அவள் மனத்தின்மீது ஏற்றிவிடுவது அக்கால வழக்கம். இன்று அது முற்றும் ஒழிந்ததெனச் சொல்ல நாம் துணியோம்.

1873இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் விவரித்த ஐவரும் பெண்கள்: முகம் ஊதி, குரல் தடித்து, சிந்தை மந்தமானவர்கள். தைராய்டு நலிவே காரணமென 1888இல் மருத்துவக் குழுவொன்று உறுதிசெய்தது. 1891இல் நியூகாசில் நகரின் ஜார்ஜ் மரே, செம்மறியாட்டுத் தைராய்டின் சாற்றை 46 வயதுப் பெண்ணொருவருக்கு ஊசிவழி செலுத்தினார். அப்பெண்மணி பின்னர் அதையே வாய்வழி உட்கொண்டு 74 வயதுவரை வாழ்ந்தார். அவ்வாழ்வுக்கு 870க்கும் மேற்பட்ட ஆடுகள் சுரப்பி ஈந்தன என்பது நம்மைச் சற்றே நிறுத்தி யோசிக்க வைக்கும் கணக்கு.

மருந்து கிடைத்துவிட்டது. பெண்களிடம் ஏன் மிகுதி என்ற கேள்வியோ அப்படியே கிடந்தது. 1948இல் நியூசிலாந்தின் பொதுமருத்துவர் ராபர்ட்டன், பேற்றுக்குப் பின் வரும் அசதியும் குளிர் தாங்காமையும் தைராய்டுச் சாற்றால் தீர்வதை எழுதினார். பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்ற பதில் எங்கும் தயாராக இருந்ததே! கர்ப்பத்தில் தணிந்திருந்த நோய்த்தடுப்பாற்றல் பேற்றுக்குப் பின் மீண்டெழுந்து சில பெண்களின் சுரப்பியையே தாக்குகிறது என்பது பிற்பாடுதான் தெளிவாயிற்று. 1982இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இது அரிதன்று எனக் காட்டினர்.

ஈஸ்ட்ரோஜனின் பங்கு இன்னொரு வகை. இரத்தத்தில் தைராய்டு ஹார்மோனைப் பற்றிச் சுமக்கும் புரதமொன்றை அது பெருக்குகிறது. பற்றப்பட்ட ஹார்மோன் வேலை செய்யாது. ஆகவே கூடுதலாகச் சுரந்தாக வேண்டும். நலமான சுரப்பி ஈடுகொடுத்துவிடும். மாத்திரையை நம்பியிருப்பவளுக்கு அந்த வழியில்லை. உறவு எதிர்த்திசையிலும் ஓடும்: தைராய்டு குறையும்போது புரோலாக்டின் உயர்ந்து கருமுட்டை வெளிப்படுதல் தடைபடலாம், மாதவிலக்கு தடுமாறலாம். எனவேதான் கருவுற்றது தெரிந்தவுடன் தைராக்சின் அளவை உயர்த்துகிறார்கள். பெரும்பாலோருக்கு இந்த உயர்வு கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை. பேறு முடிந்ததும் பழைய அளவுக்கே திரும்புகிறார்கள்.