பாடசாலைப் பல் மருத்துவத் தாதியர்

சூத்தைப் பல்லைக் குடைந்து அடைத்துக் காப்பதற்கு மருந்தும் கருவியும் இருந்தாற் போதாது; அவற்றைக் கையாளப் பயின்ற கைகளும் வேண்டும். பல் வைத்தியர் அரியராயுள்ள நாட்டில், வலி கண்ட பல்லைப் பிடுங்குவதே சிகிச்சை என்றாகிவிடுகின்றது. இந்நிலையை மாற்ற முனைந்த ஒரு சிறு நாட்டின் வரலாற்றை ஈண்டு நோக்குவாம்.

முதலாம் உலகப் போருக்கு ஆட்சேர்த்தபோது, நியூசிலாந்து இளைஞர் பலரின் பற்கள் மிகக் கெட்டிருந்தமை வெளிப்பட்டது. படையின் பல் மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய தோமஸ் ஹண்டர், 1920 இல் அரசாங்கப் பல் சுகாதாரப் பகுதியின் பணிப்பாளரானார். சிறு பராயத்திலேயே பற்களைக் காத்தல் வேண்டும் என்பது அவர் துணிபு. ஆயின், பாடசாலைதோறும் அனுப்புதற்குப் பல் வைத்தியர் எங்கே? இளம் பெண்களைத் தெரிந்து, ஈராண்டு பயிற்றி, பிள்ளைகளின் பற்களைப் பார்வையிடவும் அடைக்கவும் பிடுங்கவும் அவர்க்கு அதிகாரம் அளிப்பதென முடிவாயிற்று. 1921 இல் வெலிங்ரன் நகரிற் பயிற்சி தொடங்கிற்று. 1923 இல் முதலணியினர் பணிக்குச் சென்றனர்.

இதனை யாவரும் வரவேற்றனர் என எண்ணற்க. பல் வைத்தியம் முழுதுங் கல்லாதாரிடம் துளைகருவியைக் கொடுப்பதா என்பது பல நாட்டுப் பல் வைத்தியரும் எழுப்பிய வினா. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் இத்தகைய பரிசோதனைக்கென 1949 இல் இயற்றிய சட்டம், பல் வைத்தியரின் எதிர்ப்பினால் மறு ஆண்டே நீக்கப்பட்டது. அவ்வினாவை வெறுந் தன்னலம் எனத் தள்ளல் நேர்மையன்று. எனினும், நாட்டுப்புறப் பிள்ளைக்குத் தாதி இல்லையேல் வைத்தியர் வருவார் என்பதில்லை, ஒருவரும் வாரார். வினாவியோர் இதனை மறந்தனர் என்றே கருதுகின்றேன்.

காலால் மிதித்து இயக்கும் துளைகருவி மெல்லச் சுழல்வது, நோவோ மிகுதி. நியூசிலாந்துச் சிறுவர் அச்சிகிச்சை நிலையத்துக்கு இட்ட பெயர் ‘கொலை வீடு’. பெயர் எதுவாயினும் பற்கள் தப்பின. அமெரிக்கரான ஜோன் புல்ரன் ஆங்குச் செய்த ஆய்வை உலக சுகாதார நிறுவனம் 1951 இல் வெளியிட்டது. பிள்ளைகளின் பற்களிற் சூத்தை மிகுதி; ஆயினும் பெரும்பாலானவை அடைக்கப்பட்டிருந்தன என்பது அதன் முடிபு. அடைத்தல் நோயைத் தடுப்பதன்று என்பதும் அதனாற் புலனாயிற்று. ஹேஸ்ரிங்ஸ் நகரின் குடிநீரிற் புளோரைட்டுச் சேர்க்கும் முயற்சி 1954 இல் தொடங்கியது இக்குறையை நோக்கியே.

இம்முறை அயல்நாடுகளுக்கும் பரவிற்று. மலாயாவின் பினாங்கில் 1949 இற் பயிற்சிப் பாடசாலை அமைந்தது. 1950களில், கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்து நல்கிய உதவியோடு இலங்கையில் மகரகமையிலும் அத்தகைய பாடசாலை தோன்றிற்று. அவ்வழி வந்தோர் இன்று பாடசாலைப் பற்சிகிச்சையாளர் எனப்படுவர். பாடசாலை வளவின் சிற்றறையொன்றில், கதிரையிற் சாய்ந்து, நம்முட் பலர் முதன்முதலாக வாயைத் திறந்து காட்டியது அவர்களிடமே.