புட்குழிப் பாசுரமும் வரிசை எண்ணும்

காஞ்சிபுரம் அருகிலுள்ள திருப்புட்குழியின் பெயர் வரும் திருமங்கையாழ்வார் பாசுரம் ஒன்றின் முகவரி பெரிய திருமொழி 2.7.8. அதாவது இரண்டாம் பத்து, ஏழாம் திருமொழி, எட்டாம் பாசுரம். நாலாயிரத்துக்கும் சேர்த்துத் தொடர் எண்ணும் உண்டு. சிக்கல் அதில்தான். இரண்டு திருமடல்களைச் சிலர் தலா ஒரு பாட்டாகவும், சிலர் 40, 78 எனவும் எண்ணினார்கள். கணக்கு மாறினால் அடுத்து வரும் திருவாய்மொழியின் தொடர் எண்கள் எல்லாம் நகரும். திருவாய்மொழி 1.1.1 மட்டும் நகராது!

பலர் சேர்ந்து திருத்தும் கணினிக் கோப்புகளிலும் இதே கதைதான். 2005-ல் வந்த கிட் மென்பொருள் வரி வரியாக ஒப்பிடும். தொடர் எண் போட்ட பட்டியலின் நடுவே ஒரு வரி நுழைந்தால் கீழே எல்லாமே மாறும். அங்கே இன்னொருவர் செய்த திருத்தம் மோதும். வரிக்கு ஒரு பதிவு, பதிவுக்கு மாறாத முகவரி என்று வைத்தால் இருவர் வேலையும் பெரும்பாலும் தானாகவே இணையும்.