சேலத்து உருக்கும் அருணாசலத்தின் கத்தியும்

சேர்வராயன் மலையில் காப்பி வேரூன்றியது 1820களில். அப்போது சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் கன்றுகளை நட்டுப் பார்த்தார், நன்றாக வந்தது. பிறகு வாழவந்தி, நாகலூர் என மலையூர்கள் பலவற்றின் சரிவுகளுக்கும் காப்பி பரவியது. தோட்டத் துரைமார்களும் ராணுவ அதிகாரிகளும் வேட்டைப் பித்துப் பிடித்தவர்கள். அவர்களுக்குத் துப்பாக்கி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. கத்தியோ ஈட்டியோ வேண்டுமென்றால், மலையடிவாரத்துச் சேலம் ஆசாரியின் பட்டறையைத் தேடிப் போனவர்கள் உண்டு.

காரணம் எளிது. அன்றைய துப்பாக்கியை வாய்ப்பக்கமாகத்தான் கெட்டிக்க வேண்டும். மருந்தைக் கொட்டி, குண்டைத் தள்ளி, கோலால் இடித்து, ‘கேப்’ எனும் வெடிமூடியை மாட்டிச் சுட்டால் ஒரு வெடி. இரட்டைக் குழல் என்றால் இரண்டு. அடிபட்ட காட்டுப்பன்றி மறுபடி கெட்டிக்கும் வரை காத்திருக்காது. கடைசியில் உயிரைக் காப்பது இடுப்புக் கத்திதான். அது வளையவும் கூடாது, ஒடியவும் கூடாது.

கையால் செய்ததா, இயந்திரத்தில் செய்ததா என்ற கேள்வி துப்பாக்கி உலகத்தையும் அந்தக் காலத்தில்தான் உலுக்கியது. 1836இல் ரிவால்வருக்குக் காப்புரிமை பெற்ற அமெரிக்கர் சாமுவேல் கோல்ட், 1851இல் லண்டன் மகா கண்காட்சியில் தன் இயந்திரத் தயாரிப்பைக் கடை விரித்தார். 1853இல் தேம்ஸ் கரையில் தொழிற்சாலையே திறந்தார். அவருக்கு எதிராக நின்றவர் லண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் ராபர்ட் ஆடம்ஸ். அவருடைய ரிவால்வரில் குழலும் உடலும் ஒரே இரும்பில் அடித்தவை. உள்ளுறுப்புகளைத் தொழிலாளி அரத்தால் ராவி ஒவ்வொன்றாகப் பொருத்தினார். விசையை இழுத்தாலே சுடும்; சுத்தியலைத் தனியாகப் பின்னிழுக்க வேண்டியதில்லை. நேருக்கு நேர் மோதலில் அந்த வேகமும் பெரிய குண்டும் உதவும் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் பலர் ஆடம்ஸையே வாங்கினார்கள். கோல்ட்டின் லண்டன் தொழிற்சாலை சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது.

சேலத்தில் கைவேலைக்கு அந்த மதிப்பைப் பெற்றவர் அருணாசலம் என்ற கொல்லர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர் பட்டறையிலிருந்து வேட்டைக் கத்திகளும் ஈட்டிகளும் வாள்களும் வெளிவந்தன. அலகில் ஆங்கில எழுத்தில் தன் பெயரையும் ஊரையும் பொறிப்பது அவர் வழக்கம். ஷெஃபீல்டு நகரத்துக் கத்திகள் தாராளமாகக் கிடைத்த காலத்தில், ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் ஒரு தமிழ்க் கொல்லரின் முத்திரையைக் கேட்டு வாங்கினார்கள். அவர் பெயர் பொறித்த அலகுகள் இன்றும் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் விலைமதிப்புள்ள பொருள்கள்.

அருணாசலம் திடீரென்று தோன்றிவிடவில்லை. சேலத்துக்கு அருகே உள்ள கஞ்சமலையில் இரும்புக் கனிமம் மண்டிக் கிடக்கிறது. அடிவார ஊர்களில் கனிமத்தைப் பொடித்து, கரியோடு சிறிய மண் உலையிலிட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி இரும்பு எடுத்தார்கள். அந்த இரும்பை உருக்காக மாற்றியது இன்னும் நுட்பமான வேலை. இரும்புத் துண்டுகளையும் காய்ந்த ஆவாரங்குச்சிகளையும் ஒரு சிறு மண் மூசையில் வைத்து, பச்சை எருக்கிலையால் மூடி, களிமண்ணால் வாயை அடைப்பார்கள். இருபது, இருபத்து நான்கு மூசைகளை ஒன்றாக அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். ஆறிய பின் மூசையை உடைத்தால் உள்ளே உருக்குக் கட்டி. விறகிலும் இலையிலும் இருந்த கரி இரும்பில் ஏறிவிட்டிருக்கும். கொங்கு நாட்டுக் கொடுமணலில் கிடைத்த அகழாய்வுச் சான்றுகள் இத்தொழிலின் வேர் சங்க காலம் வரை போவதைக் காட்டுகின்றன.

ஐரோப்பிய அறிஞர்களுக்கு இது புதிராகவே இருந்தது. தென்னிந்தியாவின் இந்த உருக்கை அவர்கள் ‘வூட்ஸ்’ என்றார்கள். 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வாசிக்கப்பட்டது. அறுவைக் கருவிகள் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இதையே விரும்பிப் பயன்படுத்தினார். மைக்கேல் ஃபாரடே மின்சாரத்தில் புகழ் பெறுவதற்கு முன்பு ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து இந்த உருக்கைப் போலச் செய்ய முயன்று உலோகக் கலவைகளை ஆராய்ந்தார்.

இந்த ஊர்த் தொழிலைப் பெரிய ஆலையாக்கக் கிளம்பியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி வேலையை விட்டு, 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். சேலத்துக் கனிமம் காவிரி வழியாகப் பரிசல்களில் போனது. ஐரோப்பிய உலையும் இயந்திரங்களும் வந்தன. கிடைத்த இரும்பு தரமானது. ஆனால் ஆலை லாபம் காணவில்லை. மரக்கரியை நம்பிய பெரிய உலை காடுகளைத் தின்று தீர்த்தது, பசி அடங்கவில்லை. கொல்லரின் சின்ன உலைக்குச் சுற்றுவட்டாரத்துக் கரி போதும். ஆலைக்கு நெடுந்தூரத்துக் காடும் போதவில்லை. ஹீத் 1851இல் இறந்தார். அடுத்தடுத்து வந்த கம்பெனிகளும் கையை விரித்தன. உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு அவர் 1839இல் இங்கிலாந்தில் பெற்ற காப்புரிமை ஷெஃபீல்டு ஆலைகளுக்குத்தான் லாபம் தந்தது. அவருக்கு மிஞ்சியது வழக்குகள்.

ஆனால் ஆலை தோற்றதால் பட்டறை வென்றுவிடவில்லை. கப்பலில் வந்த மலிவான இங்கிலாந்து இரும்பு சந்தையை நிறைத்தது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதத் தொழிலை உரிமத்துக்குள் அடைத்தது. 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் காட்டை அரசுக் காவலுக்குள் கொண்டுவந்தது. கரி சுடுவது முன்போல் எளிதாக இல்லை. தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கி பரவிய பிறகு வேட்டைக் கத்தியின் அவசியமும் குறைந்தது. மூசை உருக்கின் உலை அணைந்தது.

பழைய முறை உயர்ந்தது என்று சொல்வது வெறும் ஏக்கமல்ல. ஒன்றரை விழுக்காடு அளவுக்குக் கரி ஏறிய உருக்கை அதிகச் சூட்டில் அடித்தால் நொறுங்கிவிடும். எந்த நிறத்தில் உலையிலிருந்து எடுப்பது, எப்போது நிறுத்துவது என்பது கொல்லரின் கண்ணிலும் கையிலும் இருந்தது. அமெரிக்காவில் உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும் கொல்லர் ஆல்ஃபிரட் பென்ட்ரேயும் பல ஆண்டுகள் உழைத்து, 1990களில்தான் இவ்வகை உருக்கில் அடித்த அலகின் மேல் தெரியும் அலைக்கோலம் உருவாகும் விதத்தை விளக்கினார்கள். நம் கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்த அறிவு அது. அதை யாரும் முழுதாக எழுதி வைக்காததே பெரும் இழப்பு.

கஞ்சமலை அடிவாரத்தில் 1981 முதல் சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளைச் செய்து வருகிறது. தமிழகத்தில் பழைய உலைகள் இருந்த இடங்களில் இரும்புக் கசடும் உடைந்த மூசைத் துண்டுகளும் இன்னும் மண்ணில் கிடைக்கின்றன. உழவுக்கும் வீட்டு மனைக்கும் அவை அழிவதற்குள், தொல்லியல் துறை சேலம் வட்டாரத்தில் முறையாகக் கணக்கெடுக்க வேண்டும். சேலம் அருங்காட்சியகத்தில் உருக்குத் தொழிலுக்கென ஒரு தனிக்கூடம் அமைத்து, அருணாசலத்தின் பெயர் பொறித்த அலகு ஒன்றையாவது அங்கே கொண்டுவந்து வைக்க வேண்டும்.