நீர்ப்பிரமி

நீர்ப்பிரமி (பக்கோபா மொன்னியேரி) ஈரநிலங்களில் தரையோடு படரும் பல்லாண்டுப் பூண்டு. இசப்புக்கோல் இடம்பெறும் பிளாண்டஜினேசி குடும்பத்தைச் சேர்ந்தது.

அமைப்பு: சாறுள்ள மென்தண்டின் கணுதோறும் வேர் இறங்கும். காம்பற்ற, தடித்த சிற்றிலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். இலைக்கக்கத்தில் தனித்தனியே பூக்கும் மலர்கள் வெண்மை அல்லது இளம் ஊதா நிறத்தவை. ஐந்து இதழ் மடல்களும் நான்கு மகரந்தத் தாள்களும் கொண்டவை. முட்டை வடிவ வெடிகனியில் நுண்விதைகள் நிறைந்திருக்கும்.

வாழிடம்: வயல் வரப்பு, வாய்க்கால், குளக்கரைச் சேறு ஆகியவற்றில் பாய்போல் பரவும். ஓரளவு உப்புநீரையும் தாங்குவதால் கழிமுகங்களிலும் வளரும். வெட்டிய தண்டுத் துண்டுகளிலிருந்தும் தழைக்கும்.

பெயர்க் குழப்பம்: ‘பிராமி’ என்ற பெயர் வல்லாரைக்கும் வழங்குகிறது. வல்லாரை இலை வட்டமானது, நீள்காம்புடையது; இதைக்கொண்டு இரண்டையும் பிரித்தறியலாம்.