காசநோய்க் கிருமி எதிர்ப்பில் இரத்த அணுக்கள்

காசநோயை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ், இருமலில் தெறிக்கும் நுண்துளிகளோடு நுரையீரலின் காற்றுப்பைகளை அடைகிறது. அங்கே காவலிருக்கும் மேக்ரோபேஜ் அணுக்கள் அதை விழுங்குகின்றன. பெரும்பாலான கிருமிகள் அதோடு செரிக்கப்பட்டுவிடும். இதுவோ, மெழுகுபோன்ற மேலுறையின் கொழுப்புகளைக் கொண்டு செரிமான நொதிகள் தன்னை நெருங்காமல் தடுத்து, விழுங்கிய அணுவுக்குள்ளேயே பெருகுகிறது.

அடுத்து வருவது இரத்தத்தின் படை. நியூட்ரோஃபில்களும் மோனோசைட்டுகளும் முதலில் வந்து சேரும். சில வாரங்கள் கழித்து வரும் சிடி4 டி அணுக்கள்தான் போக்கை மாற்றுகின்றன. அவை சுரக்கும் காமா இன்டர்ஃபெரான், தடைப்பட்ட செரிமானத்தை மேக்ரோபேஜுக்குள் மீண்டும் தொடக்கிவைக்கிறது. பிறகு அணுக்கள் கிருமியைச் சூழ்ந்து கிரானுலோமா என்னும் முடிச்சாக இறுகுகின்றன. உள்ளே கிருமி சாகாமல் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கலாம். எச்.ஐ.வி. சிடி4 அணுக்களை அழிப்பதால் இந்த முற்றுகை தளர்கிறது. முடக்குவாதத்துக்குத் தரப்படும், டி.என்.எஃப். என்னும் புரதத்தைத் தடுக்கும் மருந்துகளாலும் அப்படி நேரலாம்.

கிருமியை அடையாளம் காணும் நினைவாற்றலை டி அணுக்களுக்கு முன்கூட்டியே ஊசியால் ஊட்ட முடியுமா என்பதை உலகிலேயே பெரிய அளவில் சோதித்த மண் நம்முடையது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில், 1968 முதல் 1971 வரை பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசியின் ஆய்வுக்கு ஆள் சேர்த்தார்கள். மக்கள்தொகை சுமார் 3.6 லட்சம். பாரிஸ், கோபன்ஹேகன் வகை ஊசிகள், ஒவ்வொன்றும் 0.1, 0.01 மில்லிகிராம் அளவுகளில் போடப்பட்டன. ஒரு பிரிவினருக்கு மருந்தில்லா ஊசி. 15 ஆண்டுக் கண்காணிப்பில் பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்குப் பாதுகாப்பே தெரியவில்லை. குழந்தைகளுக்கு ஓரளவே, 27 சதவீதம். மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமிக்கு உறவான கிருமிகளிடம் கிராம மக்கள் முன்பே பெற்றிருந்த பழக்கம் ஊசியின் பலனை மறைத்தது என்பது வலுவாகச் சொல்லப்படும் விளக்கம். குழந்தைகளின் மூளைக் காசநோயைத் தடுப்பதால் பிறந்ததும் பி.சி.ஜி. போடுவது இன்றும் தொடர்கிறது.

அணுக்கள் போரிடச் சோறு வேண்டும். இதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வில், நோயாளி வீட்டாருக்குக் கூடுதல் உணவு கொடுத்தபோது அவர்களிடையே காசநோய் 39 சதவீதம் குறைந்தது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் மெலிவையே முதலில் பார்க்கிறது: நோய் உறுதியானதும் உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, தாங்கலின்றி நிற்க முடிகிறதா என்று சோதித்து, நிலை மோசமானவர்களை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள்.