துருவேறிய மரையின் வரலாறு

வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. கட்டைவிரல் பருமனுள்ள ஒரு நட்டுக்கும் வரலாறு உண்டென்று நாம் எண்ணுவதில்லை. ஆயினும், பழைய விசைப்படகின் இயந்திர அறையில் குனிந்து, துருவேறிய டீசல் குழாயின் இணைப்பை அசைக்க முயலும் தொழிலாளியின் கையில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் அறிவு வந்து நிற்கிறது. அந்த நட்டு அசையாவிடில் குழாயைச் சீர்செய்ய இயலாது. குழாய் சீராகாவிடில் படகு கரையைவிட்டு அகலாது. படகு அகலாவிடில் அதை நம்பிய குடும்பங்களின் அடுப்பு எரியாது.

முதலில் துருவைப் பற்றி. இரும்பும் நீரும் காற்றிலுள்ள உயிர்வளியும் கூடுமிடத்தில் துரு பிறக்கிறது. உப்பு அதனை விரைவுபடுத்துகிறது. துருவானது, தான் தோன்றிய இரும்பைவிட இரு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைகளின் இடுக்கில் அது பருத்து ஆப்புப்போல் இறுகுவது இதனாலேயே. இருவேறு உலோகங்கள் உப்பு நீரில் ஒன்றையொன்று தொட்டிருப்பின் கேடு இன்னும் மிகுதி. பித்தளை நட்டும் எஃகுக் குழாயும் இணைந்தவிடத்தில் எஃகே முதலில் அரிபடும்.

இவ்வுண்மையைக் கப்பலில் சோதித்தவர் ஆங்கில அறிவியலார் ஹம்ப்ரி டேவி. 1824இல் அவர், போர்க்கப்பல்களின் அடியில் வேய்ந்த செப்புத் தகடுகளைக் காக்கத் துத்தநாகத் துண்டுகளையும் இரும்புத் துண்டுகளையும் அவற்றோடு இணைத்தார். அத்துண்டுகள் அரிபட்டன, செம்பு பிழைத்தது. ஆனால் செம்பு சிறிதுசிறிதாகக் கரைந்ததால்தான் பாசியும் சிப்பியும் அதுவரை அண்டாதிருந்தன. கரைதல் நின்றதும் அவை கப்பலின் அடியில் அப்பிக்கொண்டன; வேகம் குன்றியது. கடற்படை அம்முறையைக் கைவிட்டது. எனினும் அவர் கண்ட கொள்கை பொய்க்கவில்லை. இன்றும் எஃகுக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகள் தம்மை அரிக்கக் கொடுத்து எஃகைக் காத்து நிற்கின்றன.

அடுத்தது மரை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டியது. ஓரிடத்து நட்டு மற்றோரிடத்து ஆணியில் ஏறாது. ஜோசப் விட்வொர்த் 1841இல் 55 பாகைக் கோணமுள்ள பொது மரை முறையை முன்மொழிந்தார். 1864இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையைப் பரிந்துரைத்தார். மெட்ரிக் அளவுகள் பின்னர்ப் பரவின. பழைய ஆங்கிலேய இயந்திரங்களில் விட்வொர்த் மரைகளே காணப்படும். அவற்றுக்குரிய ஸ்பேனரில் பொறித்துள்ள எண், நட்டின் அகலத்தை அன்று, ஆணியின் விட்டத்தையே குறிக்கும். இதனை அறியாமல் ஏறக்குறைய பொருந்தும் மெட்ரிக் ஸ்பேனரைக் கொண்டு முறுக்கினால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும்.

மூன்றாவது இயந்திரம். பாரிசில் பிறந்த ஜெர்மானியரான ருடால்ஃப் டீசலின் இயந்திரம் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றியுடன் சோதிக்கப்பட்டது. அதில் அழுத்தமேற்றிய காற்றே எண்ணெயை உருளைக்குள் ஊதிச் செலுத்தியது. 1903இல் வோல்கா ஆற்றில் டீசல் கப்பல் ஓடியது. 1913இல் ஆங்கிலக் கால்வாயைக் கப்பலில் கடக்கையில் டீசல் மறைந்துபோனார். 1927இல் போஷ் நிறுவனம் உட்செலுத்து பம்புகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கிற்று. மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும் மெல்லிய எஃகுக் குழாய்கள் இவ்வாறே சிறு இயந்திரங்களிலும் பரவின.

இவையனைத்தும் நம் கடற்கரைக்கு எவ்வாறு வந்தன? 1952இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகிய மூன்றும் உடன்படிக்கை செய்தன. 1953இல் கொல்லத்துக்கு அருகிலுள்ள சக்திகுளங்கரை, நீண்டகரைப் பகுதியில் இந்தோ-நார்வே மீன்பிடித் திட்டம் தொடங்கிற்று. அந்நாளில் கன்னியாகுமரியும் அதே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. 1956இல்தான் நம்மோடு இணைந்தது. படகுத்துறையோடு பனிக்கட்டி ஆலையும் குடிநீரும் மருத்துவ நிலையமும் அத்திட்டத்தில் இடம்பெற்றன. துடுப்பும் பாயும் அறிந்த கைகள் ஸ்பேனரையும் அறியத் தொடங்கின. இயந்திரம் வந்ததை ஆவணங்கள் பதிவு செய்துள்ளன. துருவோடு போராடக் கற்ற கைகளின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை.

அக்கைகள் கற்ற பாடம்தான் என்ன? முதலில் எண்ணெய்த் தொட்டியின் அடைப்பானை மூட வேண்டும். கம்பித் தூரிகையால் இணைப்பைத் துலக்க வேண்டும். துகள் உள்ளே புகுந்தால் பம்பு கெடும். பின்பு ஊடுருவும் எண்ணெயை இட்டு ஓர் இரவேனும் ஊறவிட வேண்டும். நட்டைச் சுற்றிலும் மெல்லத் தட்டினால் துருவின் பிடி தளரும். ஒரு ஸ்பேனர் இணைப்பின் உடலைப் பிடிக்க, மற்றொன்று நட்டைத் திருப்ப வேண்டும். இல்லையேல் குழாயும் கூடவே முறுகிப் பிளந்துவிடும். முதலில் இம்மியளவு இறுக்கி, பிறகு தளர்த்தி, மீண்டும் எண்ணெயிட்டு, முன்னும் பின்னுமாக நகர்த்த வேண்டும். படகின் அடைந்த அறையில் நெருப்பை எடுத்தல் கூடாது. வேலை முடிந்தபின் குழாயில் புகுந்த காற்றை வடிகட்டியிலிருந்து தொடங்கி வரிசையாக வெளியேற்ற வேண்டும். இயந்திரம் சுழல்கையில் உயரழுத்தக் கசிவின் எதிரே விரலை நீட்டவே கூடாது. நுண்ணிய தாரை தோலைத் துளைத்து உட்புகும்.

ஓடும் இயந்திரத்தைவிட ஓய்ந்து கிடக்கும் இயந்திரமே துருவுக்கு எளிய இரை. கிழக்குக் கடற்கரையில் 2001 முதல் நடைமுறையிலுள்ள மீன்பிடித் தடைக்காலம், 2017 முதல் 61 நாளாக நீண்டுள்ளது. மீன் பெருகக் கடலுக்கு அளிக்கும் அவ்வோய்வு நன்றே. ஆனால் கவனிப்பாரின்றிக் கிடந்த இணைப்புகள், தடை நீங்கும் நாளில் தம் கணக்கைக் கேட்கின்றன. ஆதலால் அறிந்தோர் அந்நாட்களிலேயே அவற்றைக் கழற்றித் துலக்கி எண்ணெய் பூசி வைக்கின்றனர்.

வன்மையால் ஒரு நொடியில் உடைத்துவிடலாம். உடைந்த குழாயோ ஒரு நாள் தொழிலைக் கொண்டுபோகும். பொறுமை ஓர் இரவை மட்டுமே கேட்கிறது. விட்வொர்த்தும் டேவியும் டீசலும் நூல்களில் வாழ்கின்றனர். ஊறவிட்டுக் காத்திருக்கத் தெரிந்த முதிய தொழிலாளியின் அறிவோ, அருகில் நின்று விளக்குப் பிடிக்கும் இளைஞனின் கண்ணில் மட்டுமே பதிகிறது. அவ்விளைஞன் வேறு தொழில் நாடிச் சென்றுவிட்டால் அவ்வறிவும் கரையேறாமல் போகும். அதனைக் கேட்டு எழுதி வைப்பதும் வரலாற்றுக்குச் செய்யும் தொண்டே.