எதற்கு என்று தெரிந்த பிறகு

மாணவர்களே, இரண்டாம் உலகப் போர் பாடத்தில் ‘மன்ஹாட்டன் திட்டம்’ என்று ஒரே வரியில் கடந்துபோகிறோமே, அதற்குள் சில இளைஞர்களின் கதை இருக்கிறது.

பொறியியலில் கெட்டிக்காரப் பையன்களைப் பொறுக்கியெடுத்து, நியூ மெக்சிகோவின் லாஸ் அலமோஸுக்கு அனுப்பியது அமெரிக்க ராணுவம். துளையிட்ட அட்டைகளை ஐபிஎம் இயந்திரங்களில் போட்டு, நாள் முழுக்க எண்கள், எண்கள். எதுக்கு என்று யாரும் சொல்லவில்லை, ரகசியமாம்! சிப்பாய்கள், வேலையை விட்டுப் போகவும் முடியாது. மனசு மட்டும் ஒட்டவில்லை. ஒன்பது மாதத்தில் மூன்றே கணக்குகள்.

பொறுப்பேற்ற ரிச்சர்ட் ஃபெயின்மனுக்கும் இருபதுகளில்தான் வயது. ஓப்பன்ஹைமர் மூலம் அனுமதி வாங்கி, பையன்களிடம் நோக்கத்தைச் சொன்னார். அவ்வளவுதான்! ராத்திரியிலும் வேலை செய்தார்கள், மேற்பார்வையே தேவைப்படவில்லை, புதுப்புது வழிமுறைகளைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். மூன்று மாதத்தில் ஒன்பது கணக்குகள் முடிந்தன. ஃபெயின்மனே பின்னாளில் சொன்ன எண்கள் இவை. (பயிற்சித்தாள் கொடுக்கும் நாம் எத்தனை பேர் ‘எதற்கு’ என்று சொல்கிறோம், ஆசிரியர்களே?)

தேர்வில் எழுதும்போது இதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த நோக்கம் அணுகுண்டு. அவர்கள் கணக்குப்போட்ட வகைக் குண்டுதான் 1945 ஆகஸ்டு 9இல் நாகசாகியில் விழுந்தது. போருக்குப் பின் நியூயார்க் உணவகம் ஒன்றில் உட்கார்ந்து வெளியே பார்த்த ஃபெயின்மன், இங்கே ஒரு குண்டு விழுந்தால் எவ்வளவு தூரம் அழியும் என்று மனசுக்குள் கணக்குப்போட்டாராம்.